மூலைக்கல்லுக்குக் கீழே

நிலவறையில் இருந்தவர்கள்: அதிகாரி, பூசாரி, காசு அடிக்கும் தட்டார், கொத்தன் சடையன். இடிந்த கோபுரத்தை மறுபடி எழுப்புவதற்காகச் சடையன் பழைய மூலைக்கல்லை நெம்பினான். அடியில் காசுகள் கிடந்தன. ஒன்றிலும் ராஜா முகம் இல்லை. ஒன்றில் தாடைத் தழும்புக்காரன். இன்னொன்றில் மூக்குத்தி போட்ட பெண்.

“யாரு சாமி இவங்க?”

“இத்தனை நாளும் கோபுரத்தைத் தாங்கினவங்கப்பா” என்றார் பூசாரி.

தட்டார் புதுக்காசைக் கொடுத்தார். இன்னும் சூடு ஆறவில்லை. சடையன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன தட்டாரே, ராஜாவும் என்னை மாதிரி சாரத்துல இருந்து விழுந்து மூக்க ஒடச்சிக்கிட்டாரா?”

யாரும் சிரிக்கவில்லை. நேற்றெல்லாம் தட்டார் தனக்கு எதிரே உட்கார்ந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது சடையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“குழியில வை” என்றார் அதிகாரி. குரல் வாசலிலிருந்து வந்தது.

சடையன் திரும்புவதற்குள் மூவரும் வெளியேறியிருந்தார்கள். கதவைச் சாத்தி, வெளியே பூட்டினார்கள்.