ஒரு வரியில் எழுதவும்

தங்கை பில்லியர்ட்ஸ் மேசைப் பக்கம் போய் இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஆகிவிட்டது.

ஒன்பது நாள் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை மணியில்தான் எண்ணினாள். நாள் என்றால் நடுவில் தூக்கமும் சேர்ந்துவிடும். இவள் அவ்வளவாகத் தூங்கவில்லை.

சாப்பாட்டு மேசை முழுக்க ஜிக்சா படப்புதிர் பரவிக் கிடந்தது. ஆயிரம் துண்டு. கீழே துறைமுகம், கப்பல்கள். மேலே பாதிக்கு மேல் ஒரே சாம்பல் வானம்.

இது அக்காவின் பொழுதுபோக்கு. பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்களுக்கு ஆட்டமில்லாத நாளில் விரல் நமநமக்கும், எதிலாவது கையை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

கப்பல்களை அக்கா எடுத்துக்கொண்டாள். வானத்தைத் தங்கை கேட்டு வாங்கினாள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரு துண்டை எடுக்க வேண்டும், பொருத்திப் பார்க்க வேண்டும், பொருந்தாவிட்டால் வைத்துவிட வேண்டும்.

இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. குளிரவில்லையா என்று அக்கா காலையில் ஒருமுறை கேட்டாள். இல்லை என்றாள். குளிர்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மேசையோரம் இரண்டு தாள்கள். பறக்காமலிருக்க மேலே உப்புக் குப்பி.

முதலாவது, நாட்டு அணிக்கு இரட்டையராகப் போகச் சம்மதம் என்று இருவரும் கையெழுத்திட வேண்டிய படிவம். ஒருத்தி மட்டும் போட்டால் செல்லாது. இடம் இறுதி ஆட்டத்தில் தோற்ற ஜோடிக்குப் போய்விடும். அக்கா ஜெயித்த அன்றைக்கே போட்டுவிட்டாள். அந்த ஒரு கையெழுத்துக்காகப் பதினோரு வருடம் ஆடியிருக்கிறாள். அடுத்த தேர்வு நான்கு வருடம் கழித்து. அதுவரை உங்கள் முதுகு தாங்காது என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இரண்டாவது, மன்றத்தின் மாத இதழுக்கு. 'மேசையை விட்டு வந்தால் உங்கள் பொழுதுபோக்கு என்ன? ஒரு வரியில் எழுதவும்.'

இரண்டும் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இப்போது நான்கு.

மன்றச் செயலாளர் அன்றைக்கு மூன்றாவது முறையாகப் போனில் அழைத்தார். மற்றவர்கள் எழுதித் தந்ததையெல்லாம் படித்துக் காட்டினார். நடுவர் புறா வளர்க்கிறாராம். போன வருடம் ஜெயித்தவர் பழைய ரேடியோவைப் பிரித்துப் பூட்டுகிறாராம். பூட்டி முடித்தால் எப்போதும் இரண்டு திருகாணி மிச்சமாம். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து தங்கையும் வாயை அசைத்தாள்.

'ஊசி' என்கிறவள் எழுதித் தர வேண்டிய அவசியமே இல்லை. இறுதி ஆட்டத்தில் இவர்களிடம் தோற்ற ஜோடியில் மூத்தவள். தன் முறை வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருப்பாள். அதில் வந்த பெயர். தோற்றதும் கைகுலுக்கிவிட்டுப் பேசாமல் போனவள், நேற்று தங்கைக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருந்தாள். போகிற ஊர் குளிருமாம், போட்டுக்கொள்ளடி, கை மட்டும் கொஞ்சம் நீளமாகிவிட்டது, அளவெடுக்க நீ எங்கே ஒரு இடத்தில் நின்றாய் என்று சீட்டு எழுதி வைத்திருந்தாள்.

தங்கை சீட்டைப் படித்துவிட்டுப் பொட்டலத்தை மறுபடி கட்டி வைத்தாள்.

அக்காவின் முழங்கை தட்டி ஒரு கப்பல் துண்டு தரையில் விழுந்தது. வழக்கம்போல வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

ஆட்டத்திலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்ட பழக்கம் அது. தப்பு செய்தவர் தானே கையைத் தூக்க வேண்டும். நடுவர் பார்த்தாரா இல்லையா என்பது அடுத்த பேச்சு. இந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் கை மேலே போகும், சாவி தொலைந்தாலும் போகும்.

தங்கை குனிந்து துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

நாலரை.

அக்கா பேனாவை உருட்டிவிட்டாள். "ஏதாவது ஒண்ணு எழுதுடி. தூங்குவேன்னு எழுது, அதுவும் பொழுதுபோக்குதான்."

இதழுக்கான தாளில் தங்கை 'வானம்' என்று எழுதினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்கா கேட்கவில்லை.

பிறகு படிவத்தை இழுத்தாள். அக்காவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் காலியிடம். பேனா முனை தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. மை ஊறிப் புள்ளி பெரிதானது. பேனா நகரவில்லை.

அக்கா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று தங்கை நினைத்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அக்கா எழுந்து வந்தாள். தங்கையின் இடது சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டாள். மணிக்கட்டு வரை இழுத்து, பொத்தானைப் போட்டாள்.

கை விறைத்துப்போயிருந்தது தங்கைக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்கா தன் நாற்காலிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே வலது கையைத் தூக்கினாள்.

தரையில் எதுவும் விழுந்திருக்கவில்லை.

"கடைசி அடிக்கு நீ எட்டிக் குனிஞ்சப்ப, இந்தச் சட்டைக் கை பட்டு ஊதாப் பந்து நகர்ந்துச்சு. நடுவர் பாக்கல. நான் பாத்தேன்."