வேளாங்கண்ணிச் சாலை

காலைத் திருப்பலி மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. அமலதாஸ் வழக்கமான நடைப்பயிற்சிக்காக, சாலைக் காட்சி காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஏறினார்.

பக்கவாதத்தில் விழுந்தபோது, எழுந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குள் தெரியும் வேளாங்கண்ணிச் சாலையில் நடந்தாலும் நேர்ச்சை செல்லும், ஆனால் முழுத் தூரமும் நடக்க வேண்டும் என்று பங்குச்சாமியார் சொல்லியிருந்தார். பல மாதம் நடந்து, நேற்றுத்தான் கோவில் வாசலை எட்டி அழுதிருந்தார்.

அவர் காதில் விழாது என்று நினைத்து, பயிற்சி தர வந்த பெண் மகள் ஜெசிந்தாவிடம் கேட்டாள்.

"அக்கா, ஐயா ஒரு அடி வச்சா பத்து அடி போற மாதிரி வச்சிருக்கீங்களே, இனி நிஜ அளவுக்கு மாத்திடவா?"

"மெதுவாப் பேசு. மாத்திடு, அவருக்குத் தெரியாது."

அமலதாஸ் இடது காலை இழுத்து வைத்தார். சாலையோரப் பனைமரம் நேற்றுவரை போல நெருங்கி வரவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தார். மரம் அங்கேயே நின்றது.

கண்ணாடியைக் கழற்றினார். ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க மனசு விட்டுடக் கூடாதேன்னுதாம்ப்பா..."

"கடன் தீர்ந்துச்சுன்னு நேத்து மாதாகிட்ட சொல்லிட்டேனேம்மா. இனி அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"