கைராசி டாக்டரின் தக்காளி

மைத்துனன் தொட்டிகளுக்குப் பின்னால் தலையை விட்டு மெஷினைத் தேடிக்கொண்டிருந்தான்.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க, அத்தான்?"

எந்த மெஷின் என்று டாக்டருக்குப் புரியவில்லை. ஆனாலும் மனைவியின் தம்பி தன் வீட்டு பால்கனியில் மண்டியிட்டுத் தவிப்பது பார்க்க நன்றாக இருந்ததால், கொஞ்ச நேரம் தேடட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரே நர்சரியில் ஒரே நாளில் வாங்கிய தக்காளி நாற்றுகள். பாதி இங்கே, பாதி ஒரு மாடி கீழே மைத்துனன் வீட்டில். இரண்டு பால்கனிக்கும் புறாத் தொல்லைக்காகக் கண்ணாடி அடைத்தவனும் ஒரே ஆள்தான்.

மைத்துனன் என்ஜினியர். மண்ணைச் சலித்து, உரத்தை நிறுத்து, தண்ணீரை அளந்து ஊற்றி வளர்த்தான். செடி ஜோராக வந்தது. பூ கொத்துக் கொத்தாகப் பூத்தது. அத்தனையும் காய்ந்து உதிர்ந்தது.

இங்கேயோ காய்த்துத் தள்ளியது.

டாக்டர் இதற்குச் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று, கைராசி. ஊரார் பல்லைப் பிடுங்கிப் பிடுங்கிச் சம்பாதித்த பெயர் அது. வலிக்காமல் பிடுங்குவார் என்று எங்கெங்கிருந்தோ வீங்கிய கன்னத்தோடு வந்து காத்திருப்பார்கள்.

அந்தக் கையைத் தவிர வேறு கை தன் செடிகளில் படக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. காலையில் ஒவ்வொரு பூங்கொத்தையும், நோயாளியின் தாடையைப் பிடிப்பது போல இரண்டு விரலால் ஏந்தி நலம் விசாரிப்பார். மைத்துனனும் கீழே போய் அதே மாதிரி ஏந்திப் பார்த்தான். ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

போன வருஷக் கடைசியில் அந்தக் கைராசிக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

ஊசியை ஈறுக்கு அருகே கொண்டுபோனால் ஆடியது. முதுகு வலி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு கிளினிக்கைப் பூட்டினார். உண்மை தெரிந்தவர்கள் மனைவியும் நரம்பு டாக்டரும்தான். பூட்டிய அன்று சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். மனைவிதான் அலைந்து திரிந்து அந்த நாற்றுகளை வாங்கி வந்தாள். தம்பிக்கும் பாதியைக் கொடுத்து, போட்டி என்று ஒன்று இருந்தாலாவது மனிதர் எழுந்து நடமாடுவார் என்று கணக்குப் போட்டாள்.

நல்ல வேளையாக மாத்திரை கேட்டது. இரண்டு மாதத்தில் நடுக்கம் அடங்கிவிட்டது. காப்பி தளும்பவில்லை. விரித்த கையின் மேல் காகிதத்தை வைத்துப் பார்த்தார், அசையவில்லை. மனைவியும் கண்ணை இடுக்கிப் பார்த்து, கல் மாதிரி நிற்கிறது என்றாள்.

திங்கட்கிழமை கிளினிக்கைத் திறப்பதாக ஏற்பாடு. முதல் நோயாளி இந்த மைத்துனன்தான். அத்தானைத் தவிர யார் முன்னாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்று, கடைவாய்ப் பல்லை கிராம்புத் தைலம் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"நர்சரிக்காரர் சொல்லிட்டார், அத்தான். இந்தப் பூவுல மகரந்தம் குழாய்க்குள்ள அடைஞ்சு கிடக்குமாம். காட்டுச் செடியோ வயல் செடியோ, வெளியில இருந்தா காத்து ஆட்டும், தேனீ தொங்கிக்கிட்டு உதறும். கண்ணாடிக்குள்ள யாரு வந்து உதறுவா? அதுக்குன்னே அதிர்ற மெஷின் விக்கிதாம். காம்புல வெச்சா தூள் கொட்டிருமாம்."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.

அப்படியா சங்கதி. கைராசியாவது மண்ணாங்கட்டியாவது. எந்த நடுக்கத்தை ஊர் கண்ணில் படாமல் மறைத்தாரோ, அது பாட்டுக்குப் பூப்பூவாகப் போய் உதறிக் காய்க்க வைத்திருக்கிறது.

அவமானமாகத்தான் இருந்தது. கூடவே ஓர் ஆறுதலும் வந்தது. அந்த நடுக்கத்தின் கதைதான் முடிந்துவிட்டதே. இனிமேல் இங்கேயும் காய்க்காது. போகட்டும், கடையில் கிடைக்காத தக்காளியா?

"ரொம்ப ஆட்டணுமோ?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தார்.

"சேச்சே, கண்ணுக்கே தெரியாத அதிர்வு போதுமாம்."

சொல்லிக்கொண்டே மைத்துனன் செடியின் உச்சிக் கொத்தைப் பிடித்து வளைத்தான். போன வாரம் பூத்தது. சுருங்கிய இதழ்களுக்குள்ளிருந்து மிளகளவு பச்சைப் பிஞ்சுகள் தெரிந்தன. ஒன்று விடாமல் பிடித்திருந்தன.

டாக்டர் அதற்குக் கீழே இருந்த கொத்தைப் பார்த்தார். அடுத்த தொட்டியைப் பார்த்தார். எல்லாம் நடுக்கம் அடங்கிய பிறகு பிடித்த, இந்த மாதத்துப் பிஞ்சுகள். இன்று காலையில்கூட ஒவ்வொன்றாக எண்ணிப் பூரித்துப் போனவைதான்.

நடுக்கம் போகவில்லை. காகிதத்துக்கும் மனைவிக்கும் தெரியாத அளவுக்குச் சிறுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மெஷினும் இல்லேன்னா அது நிஜமாவே கைராசிதான். இந்தக் கைக்கு என் பல்லைக் கொடுக்க எனக்கென்ன பயம்?" என்று மைத்துனன் கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"நீ வேற டாக்டரைப் பாரு."



மைத்துனனின் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கூடத்தில் நின்ற அக்காவிடம், பால்கனிக்குக் கேட்கும்படியே சொன்னான்:

"நாலு தக்காளி காய்ச்சதும் அத்தானுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சுக்கா."