சங்கிலியைத் தாங்கியவள்

ஒரு பைக் இன்ஜினுக்குள் செயின் அண்ணன் ஓடிக்கொண்டிருந்தார். அவர் தேய்ந்து தளரும்போதெல்லாம் அவரை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தன் பல் வைத்த கம்பியை ஒரு பல் முன்னால் நீட்டி அவர் முதுகைத் தாங்குவாள். நீட்டியதைப் பின்னால் இழுக்க அவளால் முடியாது.

“இன்னும் கொஞ்சம் தள்ளு தங்கச்சி, முதுகு தொங்குது.”

“நீட்ட இனிமே பல்லே இல்லண்ணே. நீங்க கொஞ்சம் நிமிர்ந்து ஓடக் கூடாதா?”

“ஓடுறவனுக்கே புத்தி சொல்றியா?”

மறுநாள் இன்ஜின் கடகடத்தது. மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டார். “டென்ஷனர் போச்சு” என்று அவளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவளை மாட்டினார்.

டென்ஷனருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தளர்ந்தது அவர், போனது நானா? “அந்த அண்ணனையும் ஒரு தடவை அளந்து பாருங்க சார்!” என்று குப்பைத் தட்டிலிருந்து கத்தினாள். யார் காதிலும் விழவில்லை.

உள்ளே செயின் அண்ணன் புதியவள்மேல் சொகுசாகச் சாய்ந்துகொண்டார். “வாம்மா. உனக்கு முன்னாடி இருந்தவளுக்கு வேலையே தெரியாது.”