பலித்த தாயத்து

கியோட்டோவில் தைவான் பயணிகளுக்கு நான் வழிகாட்டி. எல்லோரும் கோயில் வாசலில் படம் எடுத்துக்கொண்டிருக்க, மெய்யூன் அக்கா மட்டும் தாயத்து விற்கும் இடத்துக்கு விரைந்தார்.

"படம் வேணாமாக்கா?"

"போன வருஷமே மகனோட வந்து எடுத்தாச்சு. அவனுக்கு வாங்கின பரீட்சைத் தாயத்தைத் திருப்பித் தரணும்."

பலித்த தாயத்தை நன்றியோடு திருப்பித் தருவது இங்கே வழக்கம்.

"அப்போ பாஸா? விருந்து எங்கேக்கா?"

"மருத்துவக் கல்லூரியிலயே இடம் கிடைச்சுது."

தாயத்தைப் பெட்டியில் போட்டுக் கும்பிட்டவர், அருகில் தொங்கிய சாலைப் பாதுகாப்புத் தாயத்தைத் தொட்டார்.

"இதையும் வாங்கிக்கட்டுமாம்மான்னு கேட்டான். ஒண்ணு போதும், படிப்பைப் பாருன்னேன். ரிசல்ட் வந்ததும், நேர்ல வந்து சொல்றேன்னு ஸ்கூட்டர்ல கிளம்பினான்... வந்து சேரலை."