மூக்கைச் சொறிந்த நிழல்

நரம்பு நோய் லாரி டிரைவரின் இரண்டு கைகளையும் முடக்கிவிட்டது. அடுத்தது கால்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு மாலை அவருக்கு மூக்கு அரித்தது. மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் சுவரில் விழுந்திருந்த அவருடைய நிழல் கையைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்தது. அரிப்பு நின்றது.

"இங்க வந்து பாருடி!"

மனைவி வந்து பார்த்தாள். "அட, உங்களைவிடச் சுறுசுறுப்பா இருக்கே! அப்படியே முதுகையும் சொறியச் சொல்லுங்க."

சில மாதங்களில் கால்களும் முடங்கின. அன்று மாலை சுவரில் நாற்காலியின் நிழல் காலியாக இருந்தது. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்கங்க போச்சு?"

"என் காலு ரெண்டும் அதுகிட்டதானே இருக்கு. கொஞ்சம் நடந்துட்டு வரட்டும்டி."

"திரும்பி வரலைன்னா?"

வெயில் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் வீட்டிலிருந்த எல்லா விளக்குகளையும் போட்டாள்.