தெலுங்கு தெரியாதவர்

“தெலுங்கு ஒரு எழுத்துகூட வராதும்மா” என்று கூண்டில் நின்று கைகூப்பினார் ஜகந்நாதன். திருப்பதி கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா குற்றத்தைத் தெலுங்கில் படிக்க, அவர் சீனமொழி கேட்பவரைப் போல விழித்தார்.

புத்தூர் பஞ்சாயத்து ஆபீசில் முப்பது வருஷம் தெலுங்கில் கோப்பெழுதி ரிட்டையரானவர். இந்த முழிக்கு ஒரு விருதே கொடுக்கலாம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

படித்தது முழுதும் அவருக்குப் புரிந்தது. ஹெல்மெட் இல்லாமல் மூன்றாவது தடவை. லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கும். அத்தனை நாளும் மனைவி வைஜயந்தியின் ஸ்கூட்டியில் பின்சீட்டு. அவள் ஓட்டும் அழகைப் பத்து வருஷமாகக் கிண்டல் செய்தவர் அவர்.

யோசனை வக்கீல் குமாஸ்தா சிட்டிபாபுவுடையது. “வராதுன்னே சொல்லிக்கினு இருங்க சார். தமிழ்ல சொல்ற ஆளைத் தேடிப் புடிக்கறதுக்குள்ள கேஸு மக்கிப் போவும்.”

ரிட்டையரானதும் வாசல் போர்டில் போட்டுக்கொள்ள ஒரு பதவி வேண்டுமென்று கண்ட இடத்திலெல்லாம் விண்ணப்பம் கொடுத்திருந்தார். ரத்ததானக் குழு, நுகர்வோர் மன்றம், இதே கோர்ட்டில்கூட ஒன்று. எங்கிருந்தும் பதில் இல்லை. அரசாங்க ஆள் ஒருவர் அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டது இன்றுதான், கூண்டில் ஏறச் சொல்லி.

கோர்ட் குமாஸ்தா நாராயணசாமிக்குத் தமிழ் தெரியுமே, அவரே சொல்லட்டும் என்றார் மாஜிஸ்திரேட். கோர்ட் பட்டியலில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் சொல்லலாம், தான் சொன்னால் செல்லாது என்று நாராயணசாமி தெலுங்கில் நீளமாக விளக்கினார். ஆமோதித்துத் தலையாட்டப் போன ஜகந்நாதன் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அப்படியானால் பட்டியலில் இருப்பவருக்குப் போன் போடுங்கள், இன்றைக்கே முடிப்போம் என்றார் அம்மா.

நாராயணசாமி ஒரு கோப்பைத் தூசி தட்டித் திறந்தார். தமிழுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பெயரைத் தாண்டி நம்பருக்குப் போய், ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

இந்த வேலைக்கெல்லாம் எந்தப் புண்ணியவான் எழுதிக் கொடுத்திருப்பான் என்று ஜகந்நாதன் உள்ளுக்குள் சிரித்தார்.

அவருடைய சட்டைப் பை நடுங்கியது. கையால் அமுக்கினார், விடாமல் உறுமியது.

நாராயணசாமி காதிலிருந்து போனை எடுத்தார். பட்டியலைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார்.

“எடுங்க சார். கோர்ட்டுலேர்ந்துதான் கூப்பிடறோம்.”